ஈரல் குருதியை அடக்க வழி கண்ட பிரிங்கிள் (1863 - 1941)

கல்லீரலுக்குள் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இரத்தம் பாய்கிறது. அடிபட்டு அது கிழிந்தால் பெருகும் குருதியில் காயம் எங்கே இருக்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியாது. தையல் போட்டாலும் மென்மையான ஈரல் திசு அறுந்து வரும். இந்தக் குருதிப்பெருக்கை அடக்க வழி கண்டவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள்.

இவர் 1863ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில், சிட்னியை அடுத்த பாரமட்டாவில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் ஹோகார்த் பிரிங்கிளும் அறுவை மருத்துவரே. லிஸ்டரின் கிருமியொழிப்பு முறையை 1867லேயே பாரமட்டாவில் கையாண்டவர் அவர். மகன் எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1885இல் பட்டம் பெற்றார். பின்னர் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் 1896 முதல் 1923 வரை அறுவை மருத்துவராகப் பணியாற்றினார்.

ஈரல் சிதைந்த நிலையில் தம்மிடம் வந்த எட்டு நோயாளிகளைப் பற்றி 1908இல் ஒரு கட்டுரை எழுதினார். ஈரலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியும் போர்ட்டல் சிரையும் ஒரே மடிப்புக்குள் அடுத்தடுத்துச் செல்கின்றன. அந்த மடிப்பைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே அழுத்திப் பிடித்தால் குருதி அடங்கும். காயத்தைப் பார்த்துத் தைக்கலாம். இதுவே அவர் கண்ட வழி. ஆனால் அவர் அறுவை செய்த நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வந்து சேரும்போதே அவர்கள் மிகுந்த இரத்தத்தை இழந்திருந்தார்கள். அக்காலத்தில் இரத்தம் ஏற்றும் வசதியும் இல்லை. பிரிங்கிள் முயல்களிடம் அதே முறையைச் சோதித்தார். அங்கே அது பலித்தது. தோல்வி, வெற்றி இரண்டையும் மறைக்காமல் பதிவு செய்தார்.

1913இல் சிரையை எடுத்துத் தமனியில் ஒட்டிய முன்னோடிகளிலும் இவர் ஒருவர். 1941இல் காலமானார்.

1960இல் லேசர் பிறந்தது. வெட்டும்போதே சிறு இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும் அந்த ஒளியை மருத்துவர்கள் பின்னர் விலங்குகளின் ஈரலில் சோதித்தார்கள். சிறு குழாய்களுக்கு அது போதும்; பெரிய குழாய் அறுபட்டால் போதாது. எனவே இன்றும் ஈரல் அறுவையில், பெரும்பாலும் 15 நிமிடம் இறுக்கி 5 நிமிடம் தளர்த்தி, பிரிங்கிள் முறை கையாளப்படுகிறது. ஈரலின் ஒரு பகுதியைத் தானம் தருவோரின் அறுவையிலும் தேவைப்படும்போது இது துணை நிற்கிறது.

தம் கையால் ஒரு நோயாளியைக்கூடக் காப்பாற்ற முடியாத முறையைப் பிரிங்கிள் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதியதால்தான் பின்வந்தவர்கள் அதைக் கொண்டு எண்ணற்றோரைக் காப்பாற்றினார்கள்.