தரங்கம்பாடியில் பிறந்த இளவரசி

1761ஆம் ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. ஏப்ரலில் செஞ்சிக்கோட்டையும் வீழ்ந்தது. பதினோரு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடித்த கோட்டை அது. தென்னாட்டில் பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சிக் கனவு கலைந்தது.

அந்தக் குழப்பமான நாட்களை ஒட்டி, டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியில் ஒரு பிரெஞ்சு அதிகாரிக்கு மகள் பிறந்தாள். அவள் பெயர் கேதரின்.

இளம் மனைவி

தந்தை வங்காளத்துச் சந்தர்நகரில் வேலை பார்த்தார். 1777இல், பதினாறு வயது நிரம்பும் முன்பே, கிராண்ட் என்ற கம்பெனி உத்தியோகஸ்தருக்கு அவளை மணம் செய்து வைத்தார்கள்.

அவளுடைய அழகு கல்கத்தா முழுவதும் பேசப்பட்டது. அதுவே வினையாயிற்று. 1778 டிசம்பரில் ஓர் இரவு, கவர்னர் ஜெனரலின் ஆலோசனை சபை அங்கத்தினர் பிலிப் பிரான்சிஸ், கணவர் இல்லாத நேரத்தில் மூங்கில் ஏணி வைத்து அவள் வீட்டுக்குள் புகுந்தார். வேலைக்காரர்களிடம் பிடிபட்டார். கோர்ட்டு அவருக்கு 50,000 ரூபாய் விதித்தது. அந்தப் பணம் கணவருக்குப் போயிற்று. கேதரினுக்கு மிஞ்சியது அவப்பெயர்தான். கணவர் அவளை விலக்கிவிட்டார். அவள் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறினாள்.

படம் சொல்வது என்ன?

1783இல் பாரிஸில் அவளைப் படமாகத் தீட்டியவர் ஒரு பெண். ராணி மேரி அந்துவானெத்தையே வரைந்த விஷே லெபிரன் அவர்.

படத்தில் கேதரின் பட்டாடை உடுத்தியிருக்கிறாள். கையில் இசைத் தாள். கண்கள் மேல்நோக்கி இருக்கின்றன. இத்தாலிய ஓவியர்கள் புனிதர்களையே இப்படிக் கண் உயர்த்தி வரைவது வழக்கம். ஊர் தூற்றிய பெண்ணுக்கு அதே பார்வையைத் தந்தார் லெபிரன். பார்ப்பவர் மனத்தில் எழுவது ஏளனமல்ல; இரக்கம்.

உயர்வும் தனிமையும்

புரட்சிக் காலத்தில், 1792இல், அவள் லண்டனுக்கு ஓடினாள். பாரிஸ் திரும்பிய பின் 1798இல் உளவாளி என்ற சந்தேகத்தில் கைதானாள். அவளை விடுவித்தவர் வெளிநாட்டு மந்திரி தாலிராண்ட். ஒரு காலத்தில் பிஷப்பாக இருந்தவர் அவர். நெப்போலியன் வற்புறுத்தவே, 1802இல் அவளை மணந்தார். 1806இல் அவள் பெனவெந்தோ இளவரசியானாள்.

ஆனால் அவளை அறிவில்லாதவள் என்று கதை கட்டிச் சிரித்தது பாரிஸ். 1814இல் வியன்னா மாநாட்டுக்குத் தாலிராண்ட் தம் தம்பி மகனின் மனைவியை அழைத்துச் சென்றார். பிறகு தம்பதி பிரிந்தனர். 1830களில் பாரிஸில் கேதரின் கண் மூடினாள்.

சிரித்தவர்கள் மறைந்தார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் தரங்கம்பாடிப் பெண்ணின் படம் இருக்கிறது. அவள் கண்கள் இன்றும் வானத்தையே பார்க்கின்றன.