மாயூரம் வேதநாயகம் பிள்ளை: நீதிமன்றமும் கஞ்சித்தொட்டியும்

தமிழ் உரைநடை வரலாற்றில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் இடம் முதல் நாவலாசிரியர் என்ற ஒரு தொடருக்குள் அடங்கிவிட்டது. பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறிய 1879ஆம் ஆண்டு, அவருடைய வாழ்வின் உச்சமாகவே எண்ணப்படுகிறது. அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில் அவர் செய்தவையும் பாடியவையும் அடிக்குறிப்பளவில் நின்றுவிட்டன. அவருடைய சமயப் பற்றினையும் ஈகையினையும் ஒன்றாக வைத்து நோக்குவார்க்கு அம்மூன்றாண்டுகளே அவர் வாழ்வின் நடுவிடம் எனத் தோன்றும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11ஆம் நாள், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். தஞ்சையில் வாழ்ந்த சீர்திருத்தக் கிறித்தவரான வேதநாயக சாஸ்திரியாரோடு பெயரொப்புமையால் இவரை மயங்கக் கொள்வார் இன்றும் உளர். இருவரும் வேறு சபையினர், வேறு தலைமுறையினர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளையிடம் ஆங்கிலமும் தமிழும் பயின்று, திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். அடுத்துச் சீகாழியிலும் மாயூரத்திலும் அப்பதவியே வகித்தார்.

நீதிபதியாக இருந்த காலத்தே எழுந்தவை நீதிநூலும் (1859) சித்தாந்த சங்கிரகமும் (1862). பின்னது சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கித் தருவது. வழக்காடுவோர்க்குத் தம் வழக்கு எவ்வாறு முடிந்தது என்பதே விளங்காத மொழியில் நீதி வழங்கப்பட்ட காலத்தில், இத்தொகுப்பை ஓர் அறிவுப்பணி என்பதோடு ஓர் இரக்கப்பணி என்றும் கொள்ளல் வேண்டும். நீதிநூல் கைக்கூலி வாங்குவாரைக் கடிகிறது. கடிபவர் அதே மன்றத்துள் அமர்ந்திருப்பவர் என்பதால் அக்கண்டனம் வெறும் மரபுவழி அறவுரையாக நின்றுவிடவில்லை.

சீகாழியிலும் மாயூரத்திலும் அவருக்கு வாய்த்த நட்புகள் பெரும்பாலும் சைவ நட்புகள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சீகாழிக் கோவையை 1860இல் அரங்கேற்றியபோது அவ்வூர் முன்சீப் வேதநாயகம் பிள்ளையே. மகாவித்துவான் பின்னர் இவர்மீதே குளத்துக் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரும் இவருக்கு நெருங்கியவர். சைவப் பெரும்புலவர் ஒருவர் கத்தோலிக்கர் ஒருவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் கோவை பாடியது அக்காலத் தமிழ்ப் புலமையுலகில் வியப்பாகக் கருதப்பட்டதாகத் தெரியவில்லை. வியப்பு பிற்கால ஆய்வாளருடையதே.

உடல்நலக் குறைவும் மேலதிகாரியோடு எழுந்த பிணக்கும் சேர, 1872இல் பதவியினின்று விலகினார். மாயூரத்திலேயே தங்கினார், அந்நகராட்சியின் தலைவராகவும் தொண்டாற்றினார்.

1876இல் பருவமழை பொய்த்துச் சென்னை மாகாணம் முழுவதும் பஞ்சம் பரவியது. காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சை மாவட்டம் வறண்ட மாவட்டங்களைப்போல் அழியவில்லை. ஆயினும் தானிய விலையேற்றம் கூலியாளர்க்கு விளைச்சலின்மையை ஒத்ததே. வட்டாரம் விட்டு வட்டாரம் சோறு தேடி நடந்தோர் எண்ணற்றோர். அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் 1877இல் நிவாரணக் கூலியைக் குறைத்து, நாள்முழுதும் வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என வகுத்தார். உயிர் கிடக்க எத்துணைக் குறைவாகக் கொடுக்கலாம் என்பதே அரசின் கணக்காக இருந்த அந்நாளில், பதவியிழந்த முன்சீப் தம் பொருளைக் கஞ்சித்தொட்டிகளில் இட்டார். வந்தோரின் சாதியும் சமயமும் அங்கே பொருட்படுத்தப்படவில்லை. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவர் ஈகையைக் கண்டு அவர்மீது கீர்த்தனை பாடினார். செல்வர் வாயிலில் நின்று பாடும் இயல்பினர் அல்லர் பாரதியார். சிவபத்தரான அவருடைய பாட்டு ஒரு கிறித்தவரின் அறச்செயலுக்குச் சான்றாக நிற்பது குறிப்பிடத்தக்கது.

சர்வ சமய சமரசக் கீர்த்தனை 1878இல் வெளிவந்தது. பஞ்சத்தைப் பற்றிய முறையீடுகள் அதில் உள்ளன. மழை வேண்டியும் பசித்தோர்க்காக மன்றாடியும் பாடிய இப்பாடல்கள், தொட்டியருகே நின்று கண்டவரின் பாடல்கள். நூற்பெயரை மட்டும் நோக்குவார், ஆசிரியர் தம் கத்தோலிக்க நம்பிக்கையைத் தளர்த்திக்கொண்டு பொதுச் சமயம் ஒன்றுக்கு நகர்ந்தார் என முடிவு கட்டுவர். இம்முடிவு அவருடைய பிற நூல்களோடு பொருந்தாது. தேவமாதா அந்தாதி, பெரியநாயகி அம்மைப் பதிகம், திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, தேவ தோத்திர மாலை ஆகியவை ஐயத்துக்கு இடமற்ற கிறித்தவப் பத்திநூல்கள். பெரியநாயகி என்னும் பெயரே, வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் மரியன்னைக்கு இட்டது. தமிழகச் சிவாலயங்கள் பலவற்றில் அம்மைக்குரிய பெயரும் அதுவே. அந்தாதியும் பதிகமும் மாலையும் சைவ, வைணவ அடியார்கள் வளர்த்த வடிவங்கள். ஆக, அவர் தம் நம்பிக்கைக்குள்ளே நின்றவாறே அண்டை வீட்டாரின் மொழியில் வழிபட்டார் எனலே பொருத்தம்.

கீர்த்தனை நூலில் இறைவனுக்குச் சமயப்பெயர் சூட்டாமல் விட்டதற்கும் பஞ்சக் காலத்து அனுபவத்துக்கும் தொடர்பு காண்பது மிகையாகாது. கஞ்சிக்கு வந்தவனைச் சமயம் கேளாமல் உண்பித்தவர், அவனும் சேர்ந்து பாடத்தக்க பாட்டில் இறைவனைச் சமயக் குறியோடு நிறுத்தாமல் விட்டார். கிறித்தவ மறையில் பிறரன்பு ஒரு கட்டளை. நன்றி எதிர்பார்த்துச் செய்வதன்று. கையூட்டு வாங்கும் அலுவலரையும் பெண்ணைக் கல்லாமல் வைக்கும் குடும்பத்தையும் அக்கீர்த்தனைகள் இறைவன்முன் நிறுத்திப் பேசுவதால், பத்தியும் நீதியும் அவருக்கு வேறுவேறு துறைகள் அல்ல என்பது புலனாகும். ஆயினும் கலை நோக்கில் அவற்றுட் சில அறவுரையின் பாரம் தாங்காமல் தொய்கின்றன என்பதையும் மறுத்தல் இயலாது.

அடுத்த ஆண்டு வெளிவந்த நாவலில் ஞானாம்பாள் ஆண்வேடத்தில் விக்கிரமபுரியை ஆள்கிறாள். நீதிமன்றங்களில் தமிழே வழங்கவேண்டும் என்ற வாதமும் அந்நூலில் இடம்பெறுகிறது. சித்தாந்த சங்கிரகத்தில் தொடங்கிய கவலை கதையாக வடிவெடுத்த இடம் இது. பெண்மதி மாலையில் (1869) பாடிய பெண்கல்வியும் ஞானாம்பாளின் உருவில் மீண்டும் வருகிறது. 1887இல் சுகுண சுந்தரி வெளியாயிற்று. அதற்கு இரண்டாண்டு கழித்து, 1889 ஜூலை 21ஆம் நாள் அவர் காலமானார். நாவல் பலமுறை பதிப்புப் பெற்றது. கீர்த்தனைகள் சில இசையரங்குகளில் வாழ்ந்தன. மரியன்னை மீதான அந்தாதியோ பெரும்பாலும் கத்தோலிக்க வாசகரிடையே நின்றது.