ஸர் கில்பர்ட் வாக்கர்

மழையையே நம்பி வாழும் நம் நாட்டில், வரும் பருவம் பெய்யுமோ பொய்க்குமோ என்பதை முன்னரே அறிய விழையாதார் இலர். அவ்வறிவைத் தேடி இருபது ஆண்டுகள் இந்நாட்டில் உழைத்தவர் ஸர் கில்பர்ட் வாக்கர். தேடியது முழுதும் கைகூடுமுன்னரே மறைந்த இவ்வறிஞரின் வரலாறு நாம் அறிதற்குரியது.

இவர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் திரினிட்டி கல்லூரியிற் பயின்று, 1889-இல் கணிதத் தேர்வில் முதல்வராகத் தேறினார். நம் நாட்டு வளரியை ஒத்த பூமராங்கின் இயக்கத்தைக் கணித்ததோடு நில்லாது, ஆற்றங்கரைப் புல்வெளியில் அதனை எறிந்தும் பார்ப்பார். அதனால் நண்பர்கள் அக்கருவியின் பெயரையே அவருக்குப் பட்டப்பெயராக்கினர்.

1899-இல் நல்ல மழை பெய்யுமென இந்திய வானிலைத் துறை முன்னறிவித்திருக்க, பருவமழை பொய்த்துக் கொடிய பஞ்சம் நேர்ந்தது. 1904-இல் அத்துறையின் தலைமையை வாக்கர் ஏற்றார். வானிலை நூலிற் பயிற்சி இல்லாத அவர், மழை பொய்த்தற்குரிய காரணம் விளங்காமையால் எண்களையே துணைக்கொண்டார். உலகின் பல பகுதிகளிற் பதிவான காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஓரிடத்து மாறுதலுக்கும் பிறிதோரிடத்து மாறுதலுக்கும் எத்துணை உறவு உண்டெனக் கணிக்கச் செய்தார். கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் கையாற் கணக்கிட்ட இந்திய எழுத்தர்களின் உழைப்பையும் நாம் மறத்தல் ஆகாது.

இதனிடையே 1913-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்திற்கு வந்த வாக்கர், அங்கு எழுத்தராயிருந்த இராமாநுஜனின் கணிதக் குறிப்புக்களைக் கண்டு வியந்து, சென்னைச் சர்வகலாசாலைக்குப் பரிந்து எழுதினார். திங்கள்தோறும் 75 ரூபாய் உதவித்தொகை இராமாநுஜனுக்குக் கிடைத்தது.

பல்லாண்டுக் கணக்கின் பயனாக ஓர் உண்மை புலப்பட்டது. பசிபிக் சமுத்திரத்திற் காற்றழுத்தம் மிகுங்கால் இந்து சமுத்திரப் பகுதியிற் குறைகிறது. அங்குக் குறையுங்கால் இங்கு மிகுகிறது. துலாக்கோலின் இரு தட்டுக்களை ஒத்த இவ்வியக்கத்திற்கு 1924-இல் தென் அலைவு என்று பெயரிட்டார். அவ்வாண்டே ஓய்வு பெற்று, ஸர் பட்டமும் எய்தி, இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை பேராசிரியராயிருந்தார்.

ஆயினும், அவர் வகுத்த முன்னறிவிப்பு முறைகள் நாளடைவில் வலியிழந்தன. தட்டுக்கள் ஏறி இறங்குவதைக் கண்டவர், அவற்றை அசைக்கும் கையைக் கண்டிலர். 1958 நவம்பர் 4-ஆம் நாள் அவர் மறைந்தபோது, அவருடைய நம்பிக்கை நிறைவேறவில்லை என்றே கருதியோர் உளர்.

அக்கை கடலின் மேற்பரப்பு வெப்பமே. கீழ்க்காற்று பசிபிக்கின் வெந்நீரை மேற்கே இந்தோனேசியாவின் பக்கம் ஒதுக்கி வைக்கிறது. பெரு நாட்டின் கரையிற் குளிர்நீர் மேலெழுகிறது. சில ஆண்டுகளில் காற்றுத் தளர, வெந்நீர் கிழக்கே பரவுகிறது. இதுவே எல் நினோ. வெப்பமும் அழுத்தமும் இவ்வாறு ஒன்றையொன்று இயக்குவதை 1969-இல் விளக்கிய யாக்கோபு பியர்க்னெஸ், அக்காற்றோட்டத்திற்கு வாக்கரின் பெயரையே சூட்டினார். 1986-இல் கேன், செபியாக் முதலியோர் கடலையும் காற்றையும் சமன்பாடுகளாக அமைத்து, எல் நினோவின் வரவைப் பல மாதங்களுக்கு முன்னரே கணித்து வெளியிட்டனர்.

தாம்பரத்தார்க்கு இஃது ஏட்டுச் செய்தி மட்டும் அன்று. எல் நினோ ஆண்டுகளில் நாட்டின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்ற, நம் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் மிகும். வலிய எல் நினோ நிலவிய 2015-இல், டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூர் வெள்ளத்தில் மூழ்கியது. ஒருநாட் பெருமழைக்கு எல் நினோ ஒன்றே காரணம் என்றல் பொருந்தாது. எனினும் பருவத்தின் போக்கை முன்னறிதல் எத்துணை இன்றியமையாதது என்பது அன்று விளங்கிற்று. இன்று நம் அயலிலுள்ள பள்ளிக்கரணையின் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலில் மிதவைகளை நிறுத்தி நீரின் வெப்பத்தை அளந்து வருகிறது.

காரணம் விளங்காத இடத்து விளங்கியதாகப் பேசாது, அளந்தவற்றைச் செவ்வனே தொகுத்துப் பின்வருவார்க்கு விட்டுச் சென்றார் வாக்கர். ஆராய்ச்சியிற் புகும் மாணவராகிய நாம் அவர்பாற் கற்கவேண்டியது இதுவேயாம்.