வளைந்த விரல்கள்

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

சிவகாசி வட்டாரத்தில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நோய்க்குக் கொடுப்பது. மற்றொன்று பட்டாசுக்குள் செலுத்துவது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த அந்த இரண்டாவது மருந்தினால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. என் தாயார் பட்டாசு ஆலைத் தொழிலாளி. அதே மருந்து தெறித்து ஒரு கண்ணை இழந்த அண்ணன் ஒருவரும் எங்கள் தெருவில் இருக்கிறார். கண்ணின் அருமையைப் பிறர் சொல்லி நாங்கள் அறிய வேண்டியதில்லை. ஆகவேதான், நான் பிறக்கும் முன்பே மறைந்துவிட்ட கண் மருத்துவ மேதை டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்களின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தேன்.

நம்மைப் போலவே அவரும் கரிசல் மண்ணின் பிள்ளை. எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள வடமலாபுரம் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில், 1918 அக்டோபர் 1 அன்று பிறந்தார். உடன்பிறந்தோர் ஐவரில் மூத்தவர். அவர் பள்ளியில் சேர்ந்தபோது தாளும் இல்லை, பென்சிலும் இல்லை. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி, அதில் விரலால் எழுதிப் பழகினார். சிறுவயதில் உறவுப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் அடுத்தடுத்து இறந்தது அவர் நெஞ்சை உலுக்கியது. மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று உறுதி கொண்டார்.

மதுரை அமெரிக்கன் கல்லூரியில் அவர் பயின்றது வேதியியல் என்பதை இங்கே பெருமையுடன் குறிப்பிடுகிறேன்! பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1944இல் மருத்துவப் பட்டம் பெற்றார்; இராணுவ மருத்துவப் பணியிலும் சேர்ந்தார். அப்போதுதான் விதி குறுக்கிட்டது. கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஓராண்டுக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தார். எழுந்தபோது கைவிரல்கள் கோணி வளைந்திருந்தன. 1948இல் இராணுவப் பணியும் போயிற்று. மகப்பேறு மருத்துவக் கனவும் கலைந்தது.

வேறொருவராயிருந்தால் ஊருக்குத் திரும்பியிருப்பார். அவரோ கண் மருத்துவத்தைத் தேர்ந்து, 1951இல் அதில் பட்டயம் பெற்றார். நுண்மையினும் நுண்மையான உறுப்பு கண். அதை அறுக்க வந்தவரோ பேனாவைப் பிடிக்கவும் துன்பப்பட்டவர். தம் விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கப் புதிதாகப் பழகினார். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக உயர்ந்தார். ஊர் ஊராகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். வாழ்நாளில் அவர் செய்த அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்பர். 1973இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது.

ஆயினும் அவருடைய உண்மையான பெருமை அந்த எண்ணிக்கையில் இல்லை என்பதே என் கருத்து. இரண்டு கைகள் எத்தனை கண்களைத் திறக்க முடியும்? எனவே 58ஆம் வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வங்கிகள் கைவிரித்தன, குடும்பத்தாரின் நகையும் வீடும் அடகுக்குப் போயின. தம்பியும் தங்கைகளும் அவர்தம் துணைவர்களும் தோள் கொடுத்தனர். அவர் திருமணமே செய்துகொள்ளாமல் படிக்க வைத்த குடும்பமன்றோ அது! வசதியுள்ளவர் செலுத்தும் கட்டணத்தைக் கொண்டு, வசதியற்றவருக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பது அங்கே முறையாயிற்று.

அத்துடன் நின்றாரா? இல்லை. இளம் மருத்துவர்களைச் சேர்த்து அறுவைக் கலையைக் கற்றுக் கொடுத்தார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து கண் மருத்துவ உதவியாளர்களாக்கினார். கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து ஏழைக்கு எட்டாத விலையில் விற்றபோது, 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தோன்றி, அதை மதுரையிலேயே மிகக் குறைந்த விலையில் செய்தது. அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையும் உருவாயிற்று. நோயாளியைப் பார்க்கும் மருத்துவரே நோயின் காரணத்தையும் ஆராய அது வழிசெய்தது.

அந்த ஆராய்ச்சியின் பயன் என்ன என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். கதிர் அறுக்கையில் தாளோ தூசியோ குத்தி, கருவிழியில் பூஞ்சை பற்றிப் புண்ணாகும். உழவர் பலரின் பார்வையைப் பறிப்பது இதுவே. இதற்குப் பழைய மருந்து சிறந்ததா, புதிய மருந்து சிறந்ததா என்று அரவிந்த் மருத்துவர்கள், கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து 323 நோயாளிகளிடம் சோதித்தனர். 2013இல் முடிவு வெளிவந்தது. பழைய மருந்தான நாட்டமைசினே மேல் எனத் தெரிந்தது. உலக மருத்துவர்கள் இதை ஏற்றனர். கரிசல் காட்டு உழவனின் கண்ணைப் பற்றிய கேள்விக்கு நம் மண்ணிலேயே விடை கிடைத்தது!

2006 ஜூலை 7 அன்று அப்பெருமகன் மறைந்தார். 2008இல் அவர் பெயரில் கண் ஆராய்ச்சி நிலையம் மதுரையில் எழுந்தது.

மாணவ நண்பர்களே! பட்டம் பெற்றதும் கிடைத்த வேலைக்குப் போ என்கிறது எங்கள் வீட்டு நிலைமை. மேலே படி என்கிறது இவ்வரலாறு. இரண்டில் எது வெல்லும் என்று இன்று என்னால் சொல்ல இயலாது. ஆனால் ஆராய்ச்சி என்பது பட்டணத்துப் பணக்காரப் பிள்ளைகளுக்கே உரியது என்ற எண்ணம் மட்டும் என்னை விட்டு அகன்றுவிட்டது. மணலில் எழுதிய விரல், வளைந்த பின்னும் ஒரு லட்சம் கண்களைத் திறந்தது. மருந்தின் தன்மையைப் பாடமாகப் படிக்கும் நம்மில் ஒருவராவது, அது கண்ணில் தெறித்தால் என்ன செய்வது என்பதையும் ஆராய முன்வர வேண்டாமா? நம் விரல்கள் நேராகத்தானே இருக்கின்றன!