கோதுமை விதைக்கும் பிசிஆர் டெஸ்ட்: 1755-ல் பிள்ளையார் சுழி போட்ட நாணயச் சாலை இயக்குநர்

கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த பிசிஆர் டெஸ்ட் உங்களுக்கு மறந்திருக்காது. கோதுமை விதைக்கும் அதைச் செய்கிறார்கள், தெரியுமா? அங்கே தேடுவது டில்லெஷியா என்ற பூஞ்சையை. யாரோ ஒருவரின் பெயர் மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால், சரிதான்.

மத்யூ டில்லெட் 1714-ல் பிரான்ஸின் போர்தோ நகரில் பிறந்தவர். விவசாயி இல்லை, தாவரவியல் பேராசிரியரும் இல்லை. த்ருவா நகர நாணயச் சாலையின் இயக்குநர். எடையும் துல்லியமும்தான் அன்றாட வேலை. அந்தப் புத்தி வயலிலும் கைகொடுத்தது என்றே நினைக்கிறேன்.

அப்போது பிரான்ஸின் கோதுமையை ஒரு நோய் வாட்டியது. கதிர் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மணியை நசுக்கினால் மாவுக்குப் பதில் கருப்புத் தூள், கூடவே அழுகிய மீன் நாற்றம். பனிமூட்டம், மண், எரு என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக போர்தோ அறிவியல் கழகம் அறிவித்தது.

டில்லெட் வாதம் பண்ணப் போகவில்லை. நிலத்தை 120 பாத்திகளாகப் பிரித்தார். எருவை மாற்றிப் பார்த்தார், விதைக்கும் தேதியை மாற்றிப் பார்த்தார். சில விதைகளில் அந்தக் கருப்புத் தூளையே பூசினார். சிலவற்றைச் சுண்ணாம்பு, உப்பு, வெடியுப்பு என்று நேர்த்தி செய்து விதைத்தார். உங்க ஆபீஸ் பாஷையில் ஏ/பி டெஸ்ட். ஆனால் ரிசல்ட்டுக்கு ஒரு முழுப் பருவம் காத்திருக்கணும். எருவும் தேதியும் குற்றவாளி இல்லை. தூள் பூசிய விதையில்தான் நோய் மண்டியது. நேர்த்தி செய்த விதை பெரும்பாலும் தப்பித்தது. 1755-ல் ஆய்வு வெளியானது, பரிசும் கிடைத்தது. பிறகு மன்னர் பதினைந்தாம் லூயிக்காக த்ரியானோனிலும் அதே சோதனையைச் செய்து காட்டினார்.

ஒரு இடத்தில் மட்டும் கோட்டை விட்டார். தூளில் ஏதோ விஷம் இருப்பதாகவே நம்பினார். அது முளைக்கக்கூடிய உயிர் என்று 1807-ல் பெனடிக்ட் பிரெவோ நிரூபித்தபோது, டில்லெட் இறந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1847-ல் துலான் சகோதரர்கள் அந்தப் பூஞ்சை இனத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இந்தியக் கதை 1931-ல் தொடங்குகிறது. இன்றைய ஹரியானாவில் உள்ள கர்னாலில், அதே இனத்தின் இன்னொரு பூஞ்சையால் வரும் நோயை மனோரஞ்சன் மித்ரா பதிவு செய்தார். அதுதான் கர்னால் பண்ட். மணியின் ஒரு பகுதி மட்டும் கருப்பதால் கண்ணுக்குச் சட்டென்று சிக்காது. பல நாடுகள் இந்த நோய் உள்ள கோதுமையைத் துறைமுகத்திலேயே தடுத்துவிடும்.

1996-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் இது தலைகாட்டியதும் ஏற்றுமதியே ஆட்டம் கண்டது. நாடு முழுக்கச் சோதித்தபோது தென்கிழக்கு மாநிலங்களிலும் அதே மாதிரி வித்துகள் கிடைத்தன. ஆனால் நோயுள்ள கோதுமை ஒரு மணிகூட அங்கே இல்லை! கடைசியில் பார்த்தால், அவை ரைகிராஸ் என்ற புல்லில் வளரும் வேறொரு டில்லெஷியா. மைக்ரோஸ்கோப்பில் இரண்டும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். டிஎன்ஏ பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

முன்பு வித்துகளை விதையிலிருந்து கழுவி, முளைக்க வைத்து, பிறகு பிசிஆர் செய்ய வாரக்கணக்கில் ஆகும். இப்போது லேம்ப் என்றொரு முறை வந்திருக்கிறது. பிசிஆர் மாதிரி மாறி மாறிச் சூடேற்றிக் குளிர்விக்க வேண்டாம். சுமார் 65 டிகிரி சூட்டில் வைத்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடும். ஆனால் ஒன்று: லாரி லோடிலிருந்து அள்ளிய சாம்பிளில் அந்தக் கருத்த மணி வரவில்லை என்றால் எந்த மெஷினும் அதைக் காட்டாது.