வழக்கறிஞர் லூயி மார்ஷல்

பிழைப்பை நாடிக் கடல் கடந்தோரின் மைந்தர் லூயி மார்ஷல். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பமொன்றில், சிரக்யூஸ் நகரில் 1856-ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் தோல் வணிகர். கொலம்பியா சட்டக் கல்லூரியின் ஈராண்டுப் பாடத்தை ஓராண்டிலேயே கற்று முடித்த அவர், 1894-இல் நியூயார்க்கில் குடியேறி, முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவராக விளங்கினார்.

அந்நாளில், ரஷ்யாவில் நிகழ்ந்த கொடுமைகளுக்கும் வறுமைக்கும் அஞ்சி, யூதர்கள் இலட்சக்கணக்கில் அமெரிக்கா வந்தடைந்தனர். அவர்கள் பேசிய இத்திஷ் மொழியை, முன்பே வந்து வேரூன்றிய ஜெர்மானிய யூதர் பலர் இழிவாக எண்ணினர். மார்ஷலோ, அவ்வெளியோரின் உள்ளத்தை அறிய விரும்பி, நடுவயதில் அம்மொழியைக் கற்றார்.

1906-இல் அமெரிக்க யூதக் குழுவை நிறுவியோருள் ஒருவரான அவர், 1912 முதல் தம் இறுதிவரை அதன் தலைவராகத் தொண்டாற்றினார். அமெரிக்க யூதர்களின் கடவுச்சீட்டை ரஷ்யா மதிக்க மறுத்தது. அந்நாட்டுடன் 1832-இல் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையை முறிக்க வேண்டுமென அவர் வாதாடினார். 1911-இல் அம்முயற்சி வெற்றி கண்டது. குடியேற்றத்தைக் கடுமையாகக் குறுக்கிய 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்தும் போராடினார்; அதில் தோல்வியே கிட்டியது. எனினும் அவர் ஓய்ந்தாரல்லர். கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளுக்கும் தம் சட்டப் புலமையை உவந்து அளித்தார்.

1929-இல் யூதர் பொதுப்பணியின் பொருட்டுச் சுவிட்சர்லாந்து சென்றவர், ஜூரிக் நகரிலேயே காலமானார். முன்னே வந்து நிலைபெற்றோர், பின்னே வருவோர்க்குக் கைகொடுத்தல் கடமை என்பதை, ஊர்விட்டு வந்து வாழும் நமக்கும் அன்னாரது வாழ்வு உணர்த்துகிறது.