படத்தில் இல்லாத வீரர்



எங்க பி.டி. சார் ஒரு பழைய புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் காட்டினார். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய இந்திய ஹாக்கி அணி. தியான்சந்த் இருக்கிறார். ஆனால் நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அதில் இல்லை. அவர்தான் எம்.ஜே. கோபாலன்.

செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கம் என்ற கிராமத்தில் 1909-ல் பிறந்தவர். சென்னை திருவல்லிக்கேணியில் வளர்ந்தார். கிரிக்கெட்டில் வேகப் பந்து வீச்சாளர். ஹாக்கியும் பிரமாதமாக ஆடுவார். 1934 ஜனவரியில் கல்கத்தாவில் இங்கிலாந்துக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். அதே வருஷம் நவம்பரில் சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரும் இவரே!

1935-ல் தியான்சந்த் தலைமையில் ஹாக்கி ஆட நியூசிலாந்து போனார். அந்தப் பயணத்தில் நம் அணி ஆடியது 48 ஆட்டம், போட்டது 584 கோல்!

அடுத்த வருஷம்தான் சோதனை வந்தது. ஒரு பக்கம் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். இரண்டுக்கும் போக முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் அங்கே நடந்த மூன்று டெஸ்டில் ஒன்றில்கூட அவரை இறக்கவில்லை. ஹாக்கி அணியோ இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று ஜெயித்தது. அவர் ஆடிய டெஸ்ட் கடைசிவரை அந்த ஒன்றுதான்.

இதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவர் விளையாட்டை விடவில்லை. தொடர்ந்து சென்னை அணிக்கு ஆடினார். 1950-களில் சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த போட்டிக்கு அவர் பெயரிலேயே கோபாலன் கோப்பை என்று வைத்தார்கள். 94 வயது வரை வாழ்ந்து 2003-ல் காலமானார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. இந்த முறை வட்டாரப் போட்டியில் கபடியும் கோ-கோவும் ஒரே நாளில் வருகின்றன. நான் இரண்டு அணியிலும் இருக்கிறேன். ஏதாவது ஒன்று சொல்லு என்றார் சார். இரண்டு நாள் தூக்கமே இல்லை. எதை விட்டாலும் அதில்தான் கப் கிடைக்குமோ என்று பயம்.

இப்போது கோ-கோ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்குப் பிடித்தது அதுதான். நம்ம கபடி அணி ஜெயித்து போட்டோ எடுத்தால் அதில் நான் இருக்க மாட்டேன். பரவாயில்லை. முதல் கைதட்டு என்னுடையதாக இருக்கும்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, நல்லம்பள்ளி